மிதித்தால் திணறும் ஷெவி 350: காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரிசை

ஐடிலிங் சரியாக இருக்கிறது. நிதானமாக ஓட்டினால் குறை தெரிவதில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் எஞ்சின் ஒரு கணம் செத்து, பிறகுதான் இழுக்கிறது. 1967 முதல் 1972 வரையிலான ஷெவர்லே (ஷெவி) கமாரோ, ஷெவெல், நோவா வண்டிகளில் 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினும், அதன் மேல் வேக்யூம் செகண்டரி (உறிஞ்சு விசையால் பிறகு திறக்கும் இரண்டாவது ஜோடி வாய்) கொண்ட 600 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) ஹாலி கார்புரேட்டரும் இருந்தால் அடிக்கடி வரும் புகார் இது. இந்த வழிகாட்டி அந்த ஜோடிக்கானது. குவாட்ராஜெட் என்ற வேறு வகைக் கார்புரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு 9-ஆம் பகுதியில் ஒரு குறிப்பு உண்டு.

புதிதாகக் கைவைப்பவர்கள் முதலில் கழற்றுவது கார்புரேட்டரைத்தான். அது பின்னால் வர வேண்டிய வேலை. டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) மாற்றினால் ஐடில் வேகம் மாறும். வேகத்தைச் சரிக்கட்ட ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பினால் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு நிற்கும் இடம் மாறும். தகடு நகர்ந்தால், நீங்கள் அதுவரை பார்த்துப் பார்த்துச் சரிசெய்த ஆக்ஸிலரேட்டர் பம்ப் செட்டிங் வீண். அதனால்தான் கீழேயுள்ள வரிசை: காற்றுக் கசிவு, இக்னிஷன், ஐடில், பம்ப், அதன் பிறகு மற்றவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. மோசமானால் சொல்லவே வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

டைமிங் லைட், ட்வெல் மீட்டர், வேக்யூம் கேஜ், பெட்ரோல் பிரஷர் கேஜ், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், கையால் இயக்கும் வேக்யூம் பம்ப். இவற்றில் வேக்யூம் கேஜ்தான் விலை குறைவு, பயன் அதிகம்.

பெட்ரோல் தீயை அணைக்கக்கூடிய தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். திணறும் எஞ்சின் பின்னுக்கு வெடித்தால் தீ அந்த வழியாகத்தான் வரும்.

எல்லாச் சோதனையும் எஞ்சின் முழுச் சூடேறி, சோக் முழுதும் திறந்த பிறகு. குளிர்ந்த எஞ்சின் திணறுவது தனிக் கதை. அதற்கு முதலில் சோக்கைப் பார்த்தால் போதும்.

2. திணறல் எந்தக் கணத்தில் வருகிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் பத்துக் காரணங்கள் இருக்கும். கணத்தைச் சொன்னால் இரண்டு மூன்றாகக் குறையும்.

மிதித்த அதே கணத்தில் செத்தால் பம்ப், அல்லது ஆரம்ப டைமிங் (ஐடிலில் பொறி எத்தனை டிகிரி முன்னால் விழுகிறது என்பது) குறைவு. மெதுவாக அழுத்தும்போது மட்டும் உதறி, சட்டென்று மிதித்தால் நன்றாகப் போனால் ஐடில் செட்டிங், டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் (6-ஆம் பகுதியில் வரும்), அல்லது காற்றுக் கசிவு. முதலில் நன்றாக இழுத்து, நடுவில் அமுங்கி, மீண்டும் எழுந்தால் செகண்டரி சீக்கிரம் திறக்கிறது. முழுசாக மிதித்துச் சில விநாடி கழித்து அடங்கினால் பெட்ரோல் வரத்து. சூடான பிறகு மட்டும் வந்தால் பெட்ரோல் கொதிப்பு, காயில், கண்டென்சர்.

சத்தத்தையும் புகையையும் சேர்த்துப் பாருங்கள். கார்புரேட்டர் வழியாக "டப்" என்று வெடித்தால் பெரும்பாலும் லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை. சைலென்ஸரில் கரும்புகை வந்து எஞ்சின் சோம்பினால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். சந்தேகமாக இருந்தால் சோக்கைக் கால்வாசி மூடி வைத்து ஓட்டிப் பாருங்கள். திணறல் குறைந்தால் லீன், கூடினால் ரிச். காசு செலவில்லாத சோதனை இது; ஆனாலும் பலரும் செய்வதில்லை.

3. காற்றுக் கசிவு

மேனிஃபோல்டின் நேரடி வேக்யூம் முனையில் கேஜை மாட்டுங்கள். கம்பெனி கேம்ஷாஃப்ட் உள்ள 350, கடல்மட்ட ஊர்களில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்ட வேண்டும், முள் ஆடக்கூடாது. ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 5,280 அடியில் இருக்கும் அமெரிக்காவின் டென்வரில் 14 காட்டினால் பதறாதீர்கள். பெரிய கேம் போட்டிருந்தால் அளவு குறையும், முள்ளும் கொஞ்சம் ஆடும்.

குறைவாக இருந்தால் பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. (எஞ்சின் உள் ஆவியை இழுக்கும் வால்வ்) ஹோஸ், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மாடுலேட்டர் (வேக்யூமை வைத்துக் கியர் மாற்றத்தைச் சரிக்கட்டும் டப்பா) ஹோஸ் என ஒவ்வொன்றாகக் கழற்றி முனையை அடையுங்கள். எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ அங்கேதான் கசிவு. மாடுலேட்டர் ஹோஸுக்குள் கியர்பாக்ஸ் ஆயில் இருந்தால் அதன் டயாஃப்ரம் (உள் ரப்பர் திரை) கிழிந்திருக்கிறது.

அடுத்து கார்புரேட்டர் அடி கேஸ்கட், இன்டேக் மேனிஃபோல்ட் ஓரங்கள். பற்ற வைக்காத புரொப்பேன் சிலிண்டரின் ஹோஸ் முனையை ஓரமாக நகர்த்துங்கள். கசிவுள்ள இடத்தில் எஞ்சின் வேகம் மாறும். இக்னிஷன் வயர் பக்கம் வாயுவைக் கொண்டுபோக வேண்டாம்.

மேனிஃபோல்ட் கேஸ்கட் அடிப்பக்கம் கசிந்தால் வெளியிலிருந்து பிடிபடாது. எஞ்சின் உள்ளிருந்து ஆயில் கலந்த காற்றை உறிஞ்சும். பி.சி.வி.யைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைத்து, வால்வ் கவரின் மற்றத் திறப்பையும் மூடி, ஆயில் டிப்ஸ்டிக் குழாயில் கேஜை வையுங்கள். ஓடும் எஞ்சினில் அங்கே வேக்யூம் இருக்கக்கூடாது. இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றத்தான் வேண்டும்.

4. பாயிண்ட், காயில், பிளக்

சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. மிதிக்கும்போது அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. ஐடிலிங்கில் சமாளிக்கும் நலிந்த பொறி அப்போதுதான் காலை வாருகிறது. "ஐடில் நன்றாக இருக்கிறதே, இக்னிஷனில் குறை இருக்காது" என்ற கணக்கு அதனால்தான் தப்பாகிறது.

ட்வெல், அதாவது பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரன்டை விட்டு வெட்டும் தொடுமுனை) மூடியிருக்கும் கோணம், 28 முதல் 32 டிகிரிக்குள் வேண்டும், 30-ல் வையுங்கள். டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் சின்ன ஜன்னல் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே அலன் கீயால் திருப்பலாம். ஐடிலிலும் 2,000 ஆர்.பி.எம்.மிலும் எடுத்த அளவு 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு பாயிண்டை எத்தனை தடவை மாற்றினாலும் நிலைக்காது.

மூடியைக் கழற்றி ஒன்றைப் பாருங்கள். பாயிண்ட் பொருத்திய தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கு ஒரு மெல்லிய எர்த் வயர் போகும். வேக்யூம் அட்வான்ஸ் (உறிஞ்சு விசையால் பொறியை முன்னுக்கு நகர்த்தும் டப்பா) தட்டை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிர்கிறது. வருடக் கணக்கில் மடங்கி, உறைக்குள் இழைகள் அறுந்திருக்கும். மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும். ஐடிலில் தொடும், மிதித்ததும் தட்டு அசைந்து விட்டுவிடும். வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே கம்பி இல்லை. காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயரும் இதே மாதிரி அறும். கார்புரேட்டரே மாற்றிய பிறகும் தீராத திணறல்களில் இது அடிக்கடி அகப்படும்.

பாயிண்ட் வகையில் எஞ்சின் ஓடும்போது காயில் பிளஸ் முனையில் ஏறக்குறைய 9 வோல்ட் இருக்கும். நடுவில் இருக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர்தான் அதைக் குறைக்கிறது. பழைய வண்டியில் எச்.இ.ஐ. (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகை) டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருந்தால் அதே வயரிலிருந்து கரன்ட் எடுக்கக்கூடாது, அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். இந்தத் தவறைச் செய்த வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலாகும், இழுக்கச் சொன்னால் மட்டும் மிஸ் அடிக்கும்.

பாயிண்ட் வகைக்குப் பிளக் இடைவெளி 0.035 அங்குலம். தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பொறி பெறுபவை. அவற்றின் வயர்கள் ஒட்டிப் போனால் ஒன்றின் பொறி மற்றதில் தூண்டப்பட்டு வேளை தப்பி அடிக்கும். இரண்டையும் பிரித்து வையுங்கள்.

5. டைமிங்

ட்வெல்லை மாற்றினால் டைமிங்கும் நகரும் என்பதால் இது பாயிண்டுக்குப் பிறகுதான். வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டுப் பாருங்கள். ஹோஸோடு பார்த்தால் வேக்யூம் தரும் டிகிரியும் கணக்கில் சேர்ந்து, ஆரம்ப டைமிங் உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

அதற்கும் முன்னால் முன்புற பேலன்ஸரை (எஞ்சின் முன்னால் டைமிங் குறியுள்ள சக்கரம்) நம்பலாமா என்று பாருங்கள். அதன் வெளி வளையம் ரப்பரின் மேல் நிற்கிறது. ரப்பர் இறுகிப் போனால் வளையம் நழுவி, குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பி, நின்ற இரண்டு இடங்களுக்கும் சரிநடுவில் இருப்பதுதான் உண்மையான டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்).

சாதாரண தெரு எஞ்சினுக்கு ஆரம்ப டைமிங் 8 முதல் 12 டிகிரி, சுமார் 3,000 ஆர்.பி.எம்.மில் மொத்தம் 34 முதல் 36. மொத்தத்தைப் பார்க்கப் பேலன்ஸரில் ஒரு குறி போடலாம்: 8 அங்குல விட்டமுள்ளதில் 36 டிகிரி என்பது விளிம்போடு அளந்தால் 2.51 அங்குலம், 6¾ அங்குலத்தில் 2.12.

ஆரம்ப டைமிங்கை ஏற்றினால் மிதிப்புக்கு உடனே உயிர் வரும். அந்த ருசியில் 18, 20 என்று ஏற்றிவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்தோடு விரியும் எடைகள் தருவது 26 டிகிரி என்றால் மொத்தம் 44, 46 என்று போய் எஞ்சின் தட்டும், பிஸ்டன் போகும். ஆரம்பத்தை ஏற்ற வேண்டுமானால் எடைகளின் அசைவைக் குறைக்க வேண்டும்.

வேக்யூம் அட்வான்ஸ் டப்பாவைக் கைப்பம்பால் 15 அங்குலம் வரை உறிஞ்சுங்கள். முள் இறங்காமல் நிற்க வேண்டும், தட்டும் நகர வேண்டும். கிழிந்த டயாஃப்ரம் அட்வான்ஸையும் தராது, காற்றையும் கசியவிடும். இன்னொன்று: ஹோஸ் நேரடி மேனிஃபோல்ட் வேக்யூமில் இருந்து, ஆரம்ப டைமிங் 4 போலக் குறைவாகவும் இருந்தால், மிதித்ததும் வேக்யூம் விழுந்து டைமிங் ஒரேயடியாக 4-க்கு இறங்கும். திணறல் இயல்பு. ஹோஸை மாற்றி மாட்டுவதைவிட ஆரம்ப டைமிங்கைச் சரிசெய்வதே முதல் வேலை.

6. ஃப்ளோட் மட்டமும் ஐடிலும்

வண்டி சமதரையில் நிற்கட்டும். பவுல் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம்) பக்கத்தில் இருக்கும் பித்தளை ஸ்க்ரூவைக் கழற்றினால், ஓடும் எஞ்சினில் பெட்ரோல் அந்தத் துளையின் அடிவிளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். அடியில் துணி வையுங்கள். மட்டத்தை மாற்ற எஞ்சினை நிறுத்தி, பவுல் மேலுள்ள பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, நட்டைத் திருப்புங்கள்: வலப்பக்கம் திருப்பினால் இறங்கும், இடப்பக்கம் ஏறும். ஓடும்போதே ஸ்க்ரூவைத் தளர்த்துபவர்களுக்குச் சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் பீச்சும்.

இனி டிரான்ஸ்ஃபர் ஸ்லாட். பிரைமரி த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் நெடுக்கான சின்னப் பிளவு இருக்கும். தகடு திறக்கத் தொடங்கும்போது பெட்ரோல் தருவது அதுதான். ஐடிலில் தகட்டுக்குக் கீழே அது சின்னச் சதுரமாக, 0.020 முதல் 0.040 அங்குலம் மட்டும் தெரிய வேண்டும். ஐடில் ஸ்க்ரூவை அதிகம் திருப்பியிருந்தால் பிளவு முழுதும் ஏற்கெனவே வெளியே நிற்கும். மிதித்ததும் கூடுதலாகத் தர அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. இதைப் பார்க்கக் கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்க்க வேண்டும்.

சதுரத்தை வைத்த பிறகு ஐடில் வேகம் போதவில்லையென்றால் செகண்டரி தகட்டின் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி அந்தப் பக்கமாகக் காற்றைக் கொடுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூ (ஐடில் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது) இரண்டையும் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, வேக்யூம் கேஜ் உச்சம் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள்.

7. ஆக்ஸிலரேட்டர் பம்ப்

தகடு திடீரென்று திறந்தால் காற்று உடனே பாயும். பெட்ரோல் எடை அதிகமானது, பின்தங்கும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் பம்பின் வேலை.

எஞ்சினை நிறுத்தி, சோக்கைத் திறந்து பிடித்து, த்ராட்டிலை மிக லேசாக அசையுங்கள். அசைந்த அதே கணத்தில் இரண்டு துளையிலும் பெட்ரோல் நேர்க்கோடாகப் பீச்ச வேண்டும். தாமதித்தால் பம்ப் லீவரில் தளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அடைப்பு. சொட்டினால் டயாஃப்ரம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் விறைத்துப்போகும். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரமாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஒருவரைக் காரில் உட்காரவைத்து பெடலை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். கையால் த்ராட்டிலைத் திருப்பிப் பார்ப்பது போதாது. கனமான கார்ப்பெட்டோ வளைந்த கேபிள் பிராக்கெட்டோ பெடலைப் பாதியிலேயே நிறுத்துவது உண்டு. முழுத் திறப்பில் பம்ப் லீவரை அதற்கு மேல் அழுத்த 0.015 அங்குல இடம் மிஞ்ச வேண்டும். ஐடிலில் தளர்ச்சி சற்றும் கூடாது. ஸ்ப்ரிங்கை முழுதாக நசுக்கும் அளவு நட்டை இறுக்கிவிடாதீர்கள். பீச்சை நீட்டிப்பதே அந்த ஸ்ப்ரிங்தான். நசுங்கினால் அடுத்துக் கிழிவது டயாஃப்ரம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் திணறினால் ஷூட்டரை (பம்ப் பெட்ரோலைப் பீச்சும் முனை) மாற்றுங்கள். அதன் மேலுள்ள எண் துளையின் அளவு: 31 என்றால் 0.031 அங்குலம். லீனாகச் செத்தால் 28-லிருந்து 31, பிறகு 35. கரும்புகையோடு சோம்பினால் கீழே இறங்குங்கள். 40-ம் அதற்கு மேலும் போனால் நடுவில் துளையுள்ள ஸ்க்ரூ தேவை, இல்லையென்றால் ஸ்க்ரூவே பெட்ரோலை மறிக்கும். மிதித்ததும் நன்றாக எழுந்து, பிறகு ஒரு கணம் தொய்ந்தால் ஷூட்டரை விட்டுவிட்டு நிறத்தால் பிரித்து விற்கும் பிளாஸ்டிக் பம்ப் கேமை மாற்றுங்கள். ஷூட்டர் எவ்வளவு வேகமாகப் பீச்சும் என்பதை முடிவு செய்கிறது. எப்போது, எவ்வளவு என்பது கேம் கையில்.

ஷூட்டரைக் கழற்றும் முன் கார்புரேட்டர் வாயைத் துணியால் மூடுங்கள். ஷூட்டருக்கு மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன கேஸ்கட், அதன் குழிக்குள் ஒரு சிறு ஊசி. மூன்றில் எது உள்ளே விழுந்தாலும் மேனிஃபோல்ட் வரை தேட வேண்டிவரும்.

8. பவர் வால்வ்

மிதித்து வேக்யூம் விழும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் தருவது இது. இதன் மேலுள்ள எண்தான் திறக்கும் வேக்யூம்: 65 என்றால் 6.5 அங்குலத்தில் திறக்கும். ஐடில் வேக்யூம் 12-க்கு மேல் இருந்தால் 65 போதும். அதற்குக் கீழென்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 9 அங்குலத்துக்கு 45. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துப் பார்த்த அளவே கணக்கு.

மிக்ஸ்சர் ஸ்க்ரூ இரண்டையும் முழுதும் உள்ளே திருப்பியும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் கிழிந்த பவர் வால்வைச் சந்தேகிக்கலாம். ஆனால் முதலில் 6-ஆம் பகுதியை முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் திறந்து நிற்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட்டும் இதே அறிகுறியைக் காட்டும்.

9. செகண்டரி

செகண்டரி திறக்காதபடி அதன் இணைப்பை மெல்லிய கம்பியால் தற்காலிகமாகக் கட்டி ஓட்டுங்கள். கம்பி பிரைமரி த்ராட்டிலின் அசைவில் மாட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அமுங்கல் போய்விட்டால் செகண்டரி சீக்கிரம் திறக்கிறது. டயாஃப்ரம் டப்பாவில் ஒரு படி கனமான ஸ்ப்ரிங் போடுங்கள். போகவில்லையென்றால் செகண்டரியைத் தொடாதீர்கள்.

செகண்டரியை ஸ்க்ரூ போட்டுப் பிரைமரியோடு சேர்த்துத் திறக்கவைக்கும் "தந்திரம்" ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கார்புரேட்டரில் செகண்டரிக்கென்று தனிப் பம்ப் கிடையாது. திணறலைக் காசு கொடுக்காமல் வாங்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

குவாட்ராஜெட்டில் இதே வேலையை மேலுள்ள ஏர் வால்வ் செய்கிறது. அதன் ஸ்ப்ரிங் தளர்ந்தாலோ, அதைத் தாமதப்படுத்தும் வேக்யூம் டப்பா கிழிந்தாலோ வால்வ் படாரென்று திறந்து எஞ்சின் அமுங்கும். அந்த டப்பாவை முதலில் கைப்பம்பால் சோதியுங்கள்.

10. சில விநாடி கழித்து அடங்கினால்

பவுலில் இருப்பு தீர்கிறது, வரத்து ஈடுகொடுக்கவில்லை. பிரஷர் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதுவும் முழு மிதிப்பில். கேஜை விண்ட்ஷீல்டுக்கு வெளியே ஒட்டுங்கள். பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் கொண்டுவராதீர்கள்.

குறைந்தால் ஃபில்டர், டாங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ், டாங்க்கினுள் இருக்கும் வலை என்று பின்னோக்கிப் போங்கள். டாங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்றை இழுத்தால் காற்றுவழி அடைத்திருக்கிறது. பம்பை மாற்றியும் பிரஷர் வரவில்லையென்றால் அதை இயக்கும் தண்டை அளந்து பாருங்கள். புதியது 5¾ அங்குலம்.

11. சூட்டில் மட்டும், அல்லது எதிலும் அகப்படாவிட்டால்

சூடான எஞ்சினை நிறுத்திச் சற்று நேரத்தில் கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் சொட்டினால் பவுல் கொதிக்கிறது. வலப்பக்க எக்ஸாஸ்டில் இருக்கும் ஹீட் ரைசர் வால்வ் மூடியபடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது மூடி நின்றால் சூடு முழுதும் இன்டேக் அடியில் போகும். கார்புரேட்டர் அடியில் கனமான வெப்பத்தடை கேஸ்கட் உதவும். அதன் உயரத்துக்கு பானட் மூடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடித்தும், மிதிக்கும்போதெல்லாம் கார்புரேட்டர் வழியாக ஒரே தாளத்தில் "டப், டப்" என்று வெடித்தால் கம்ப்ரஷன் எடுங்கள். எட்டில் மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் வால்வ் கவரைத் திறந்து ஒவ்வொரு ராக்கரின் ஏற்றத்தையும் டயல் கேஜில் ஒப்பிடுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் குறைவாக ஏறினால் அந்தக் கேம் மூக்கு தேய்ந்துவிட்டது. துத்தநாகம் குறைந்த இன்றைய ஆயிலில் இந்தப் பழைய வகை கேம்கள் இப்படிப் போவது உண்டு. கேமை மாற்றும்போது அதன் மேல் அமரும் லிஃப்டர் பதினாறையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.